லத்தீன் ஜாஸ் புதுசா கேக்கறவங்களுக்கு: 1957-ங்கற ஒரே வருஷத்துலேர்ந்து ஆரம்பிங்க

லத்தீன் ஜாஸ், அதாவது கியூபா மாதிரி ஊர்த் தாளமும் அமெரிக்க ஜாஸும் கலந்த இசை, கேக்கணும்னு ஆசப்பட்டு தேட ஆரம்பிச்சா முதல்ல வந்து நிக்கறது நூறு ஆல்பம் லிஸ்ட்டுங்கதான். அதுல 1948-ல ஒண்ணு, 1975-ல ஒண்ணு, 2000-ல ஒண்ணுன்னு எல்லாம் கலந்து கெடக்கும், எது எதுக்கு அப்புறம் வந்துச்சு, யார் யார்கிட்டேர்ந்து எடுத்தாங்கன்னு ஒண்ணும் பிடிபடாது, நாலு ஆல்பம் கேட்டுட்டு நல்லாதான் இருக்குன்னு சொல்லி விட்டுருவாங்க. அதனால நான் சொல்ற வழி வேற. ஒரே ஒரு வருஷத்த எடுத்துக்கங்க, அந்த வருஷத்துல ஸ்டுடியோவுல பதிவான நாலஞ்சு ஆல்பத்த நல்லா ஊறிப்போற அளவுக்கு கேளுங்க. அந்த வருஷம் 1957.

ஏன் 1957-னா, அப்ப கியூபா தலைநகரான ஹவானாவுக்கும் நியூயார்க்குக்கும் நடுவுல இசைக்காரங்க சர்வசாதாரணமா போய் வந்துட்டு இருந்தாங்க. 1959 ஜனவரியில கியூபாவுல புரட்சி, 1962-ல அமெரிக்கா முழு வர்த்தகத் தடை போட்டுச்சு, அதோட அந்த வழி அடைபட்டுப் போச்சு. புரட்சிக்கு ஒண்ணு ரெண்டு வருஷம் முன்னாடி ரெண்டு ஊருமே முழு சூட்டுல இருந்த நேரம் இது. இன்னொரு காரணம், அந்த வருஷம் ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லாத மாதிரி தெரியற ஆல்பங்க வந்திருக்கு. ஒண்ணுல வெறும் தோல்வாத்தியம், ஒண்ணுல ட்ரம்பெட், ட்ராம்போன் மாதிரி பித்தள ஊதுவாத்தியங்க நெறஞ்ச பெரிய பிராஸ் பேண்ட், ஒண்ணுல விடியக்காலையில கூடி அடிச்ச ஜாம். ஆனா எல்லாத்துக்கும் அடியில ஓடற தாளம் ஒண்ணுதான். அத காது பிடிச்சிட்டா எந்த வருஷத்து லத்தீன் ஜாஸும் உங்களுக்குத் திறந்துடும்.

முதல் வேலை: கிளாவே

ஆல்பத்துக்குப் போறதுக்கு முன்னாடி இத ஒரு அஞ்சு நிமிஷம் செஞ்சுருங்க, தயவுசெஞ்சு தாண்டிப் போயிடாதீங்க. கிளாவேங்கறது ரெண்டு சின்ன மரக்கட்டைய தட்டி வர்ற அஞ்சு அடி கொண்ட ஒரு வட்டம். பாட்டுல இருக்கற அத்தன பேரும் இத மனசுல வெச்சுட்டுதான் வாசிப்பாங்க, கட்டைய யாரும் தட்டாதபோதும்கூட.

ஒண்ணுலேர்ந்து எட்டு வரைக்கும் சீரா எண்ணுங்க, அத ரெண்டு தடவ எண்ணுங்க. முதல் எட்டுல 1, 4, 7-ல கை தட்டுங்க. ரெண்டாவது எட்டுல 3, 5-ல தட்டுங்க. அவ்வளவுதான். மூணு அடி, அப்புறம் ரெண்டு அடி. மெதுவா ஆரம்பிச்சு, எண்றத நிறுத்தினாலும் கை தானா தட்டற வரைக்கும் போட்டுப் பாருங்க. சில பாட்டுல இது திருப்பிப் போட்டு ரெண்டு முதல்ல, மூணு அப்புறம்னு வரும், அதப்பத்தி இப்ப கவலப்படாதீங்க.

இப்ப பேஸ், அடியில கனமா ஒலிக்கற பெரிய கம்பி வாத்தியம். ராக்லயும் சினிமாப் பாட்டுலயும் பேஸ் பெரும்பாலும் 1-ல டொம்முன்னு வந்து விழும், நம்ம கால் அதுக்குப் பழகியிருக்கு. இங்க பேஸ் 4-லயும் 7-லயும் விழும், 1-ல பல நேரம் ஒண்ணுமே இருக்காது. முதல்ல கேக்கறவங்களுக்கு தரை நழுவற மாதிரி இருக்கறதுக்கு காரணம் இதான். இந்த பேஸ் நடைக்கு பேரு தும்பாவோ. காங்காங்கற உயரமான கை மேளத்த அடிக்கறவரும் இதே எட்டுல 7, 8-ல திறந்த கையில ரெண்டு அடி கொடுப்பார், "டும் டும்"னு, மத்ததெல்லாம் அமுக்கி அடிக்கற சின்னச் சத்தங்க. அந்த ரெண்டு டும் டும்மையும் பிடிச்சுட்டீங்கன்னா எவ்வளவு பெரிய பேண்ட் ஆனாலும் நீங்க தொலைஞ்சு போக மாட்டீங்க.

ஃபோன் ஸ்பீக்கர்ல கேக்காதீங்க. பேஸ் சுத்தமா வராது, பேஸ் இல்லாம இந்த இசை பாதிதான். சாதாரண ஹெட்ஃபோனே போதும்.

ரெண்டாவது: கச்சாவோவோட தெஸ்கார்கா

இதுலேர்ந்துதான் ஆரம்பிக்கணும்னு நான் அடிச்சு சொல்வேன். நிறைய பேர் நியூயார்க் பேண்ட் தலைவர் டிட்டோ புவென்டேலேர்ந்து ஆரம்பிக்கச் சொல்வாங்க, அவர் பெரிய ஆளு, சந்தேகமே இல்ல, ஆனா பெரிய பேண்ட்ல ஒரே நேரத்துல பத்து விஷயம் நடக்கும், புதுக் காது எத பிடிக்கும்? கச்சாவோ ஆல்பத்துல ஒவ்வொண்ணா எடுத்து உங்க முன்னாடி வெப்பாங்க.

இஸ்ரேல் லோபெஸ், பட்டப்பேரு கச்சாவோ, 1918-ல ஹவானாவுல பொறந்த பேஸ் கலைஞர். ஹவானா ஃபில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ராவுல வருஷக்கணக்கா மேற்கத்திய சாஸ்திரிய இசையும் வாசிச்சுட்டு, ராத்திரி டான்ஸ் பேண்ட்லயும் வாசிச்சவர். அவரும் அவர் அண்ணன் ஓரெஸ்தெஸும் சேந்து 1938 வாக்குல செஞ்ச வேலையிலேர்ந்துதான் மாம்போங்கற டான்ஸ் இசையே முளைச்சுது. 1957-ல ஹவானாவுல பனார்ட்டுங்கற கம்பெனிக்காக ஒரு ஜாம் ஆல்பம் பண்ணினார். காபரேக்கள்ல ராத்திரி வேலைய முடிச்சுட்டு வந்த ஆளுங்கள விடியக்காலையில ஸ்டுடியோவுல கூட்டி, எழுதி வெச்ச நோட்ஸ்னு பெருசா எதுவும் இல்லாம, ஒரு சின்ன மெலடிய பிடிச்சுட்டு ஆளாளுக்கு இஷ்டம்போல வாசிக்க விட்டார். இந்த மாதிரி ஜாமுக்குதான் தெஸ்கார்கான்னு பேரு. ஜாம்னா அர மணி நேரம் இழுக்கும்னு பயப்படாதீங்க, ஒவ்வொண்ணும் மூணு நிமிஷத்த ஒட்டிதான், அதனாலதான் ஆல்பம் பேருலயே மினியேச்சர்னு இருக்கு.

புதுசா வர்றவங்களுக்கு இதுல ஒரு பெரிய வசதி, டிராக் பேருலயே எந்த வாத்தியத்த கவனிக்கணும்னு இருக்கு. "எஸ்தூதியோ என் ட்ரோம்பேத்தா"ல ட்ரம்பெட், வாசிக்கறது அலெஹாந்த்ரோ விவார், எல் நெக்ரோன்னு கூப்பிடுவாங்க. "ட்ரோம்போன் க்ரியோயோ"ல ட்ராம்போன், அது ஹெனரோசோ ஹிமெனெஸ். "ஓயே மி ட்ரெஸ் மொந்தூனோ"ல ட்ரெஸ்ங்கற கியூபா கிட்டார், வாசிக்கறவர் நின்யோ ரிவேரா. "கொந்த்ரோவெர்சியா தெ மெதாலெஸ்"ல பித்தள வாத்தியங்க ஒண்ணோட ஒண்ணு வாக்குவாதம் பண்ணும். காங்காவுல டாட்டா குவினெஸ், குச்சியால அடிக்கற டிம்பாலெஸ் மேளத்துல கியெர்மோ பரெட்டோ, இந்த ரெண்டு பேரையும் கியூபாவுல இன்னிக்கும் பேர் சொல்லி கொண்டாடுவாங்க.

கேக்கற முறை என்னன்னா, ஒரு டிராக்க மூணு தடவ போடுங்க. முதல் தடவ கிளாவே தட்டிட்டே கேளுங்க, எங்கேர்ந்து ஆரம்பிச்சு தட்டினா ஒட்டுதுன்னு தேடுங்க, கொஞ்சம் தடுமாறும், அப்புறம் டக்குனு பூட்டிக்கும். ரெண்டாவது தடவ பேஸ மட்டும். இது பேஸ்காரரோட ஆல்பம், ஆனா அவர் முன்னாடி வந்து நின்னு பெருமையடிக்க மாட்டார், அந்த 4-7-ஐ பிடிச்சுட்டு இடையில ஒரு ஸ்வரத்த தள்ளிப் போட்டு எல்லாரையும் முன்னாடி நகத்திட்டே இருப்பார். மூணாவது தடவதான் மேல வாசிக்கற ட்ரம்பெட்டோ புல்லாங்குழலோ எதுவோ அது. இப்படி கேட்டா, சோலோ வாசிக்கறவர் தாளத்துக்கு மேல சும்மா மிதக்கல, அடியில இருக்கற ஓட்டைய பாத்துப் பாத்து அதுக்குள்ள வார்த்தய சொருகறார்னு தெரியும். எனக்கு இந்த ஆல்பத்துல ரொம்பப் பிடிச்சது அதான், யாரும் யார் மேலயும் ஏறி வாசிக்கல, அத்தன பேரும் அவ்வளவு பெரிய கைக்காரங்களா இருந்தும்.

தேடும்போது ஒரு விஷயம். ஸ்ட்ரீமிங்ல இது பல பேர்ல, பல அட்டைப்படத்தோட கெடக்கும், வருஷம் 1990-ன்னும் 2000-த்துக்கு மேலயும்கூட போட்டிருக்கும், அது மறுபதிப்பு வருஷம். கச்சாவோ பேரும், மினியேச்சர்ங்கற வார்த்தையும், "தெஸ்கார்கா குபானா"ங்கற டிராக்கும் இருக்கான்னு பாருங்க. பனார்ட் கம்பெனியே க்யூபன் ஜாம் செஷன்னு வேற ஆல்பங்களும் போட்டிருக்கு, 1956-ல ஹூலியோ குட்டியெர்ரெஸ் பண்ணினது ரொம்பப் பிரமாதம், ஆனா அதுல ஜாம் நீளநீளமா போகும், அத அப்புறம் வெச்சுக்கங்க.

மூணாவது: பித்தளை இல்லாத ரெண்டு ஆல்பம்

இப்ப நியூயார்க் வருவோம். நேரா பெரிய பேண்டுக்கு ஓடாம, தோல்வாத்தியத்துக்கே முன்னிடம் கொடுத்த ரெண்டு ஆல்பத்துல கொஞ்ச நாள் தங்குங்க.

ஒண்ணு சாபு மார்ட்டினெஸோட பாலோ காங்கோ, ப்ளூ நோட் கம்பெனிக்காக 1957 ஏப்ரல் 28-ல பதிவானது. சாபு யாருன்னா, அமெரிக்க ஜாஸ் ட்ரம்பெட்காரர் டிஸ்ஸி கில்லெஸ்பி பேண்ட்ல காங்கா வாசிச்சுட்டு இருந்த சானோ போசோவ 1948 டிசம்பர்ல ஹார்லெம்ல சுட்டுக் கொன்னுட்டாங்க, அதுக்கப்புறம் அந்த இடத்துக்கு வந்தவர். ஹார்ட் பாப்ங்கற அழுத்தமான ஜாஸ் வகைக்கு பேர் போன ப்ளூ நோட், பியானோ இல்ல, சாக்ஸ் இல்ல, ட்ரம்ஸ் கிட் இல்லன்னு இப்படி ஒரு ஆல்பத்த போட்டதே ஆச்சரியம். காங்காக்கள், போங்கோங்கற சின்ன ஜோடி மேளம், பேஸ், குரல்கள், அப்புறம் ஒரு ட்ரெஸ். அந்த ட்ரெஸ்ஸ வாசிச்சது அர்செனியோ ரொட்ரிகெஸ். சின்ன வயசுலயே கண்பார்வை போனவர், எல் சியேகோ மராவியோசோன்னு கியூபாவே கொண்டாடினவர், சோன்ங்கற கியூபா இசைய வாசிக்கற பேண்டுக்குள்ள காங்காவையும் பியானோவையும் கூடுதல் ட்ரம்பெட்டையும் கொண்டுவந்து பின்னாடி வந்த சல்சாவுக்கு எலும்புக்கூடு போட்டுக் கொடுத்தவர்.

"ராப்ஸோதியா தெல் மராவியோசோ"ன்னு ஒரு டிராக் இருக்கு, அத ராத்திரி லைட்ட அணைச்சுட்டு கேளுங்க. அர்செனியோவோட ட்ரெஸ்தான் அதுல எல்லாம். கம்பி சத்தம் சுத்தமா பளபளன்னு இருக்காது, கொஞ்சம் கரகரப்பு, விரல் அழுத்தறது காதுல விழும். ஒரே சின்ன வாக்கியத்த எடுத்து அத திருப்பித் திருப்பி, ஒவ்வொரு தடவயும் ஏதோ ஒரு இடத்துல மடிச்சு வாசிப்பார். ஜாஸ்ல பியானோ செய்யற வேலைய இங்க மூணு ஜோடி கம்பி செய்யுது. அப்புறம் "சிம்பா"வும் "பியும்பா"வும் கேளுங்க, காங்கோ பகுதியிலேர்ந்து அடிமைகளா கொண்டுவரப்பட்டவங்க கியூபாவுல காப்பாத்தி வெச்ச பாலோ வழிபாட்டோட சாயல் அதுல இருக்கு. சிலருக்கு இந்த ஆல்பம் முதல்ல முரடா தோணும், மெலடி எங்கன்னு தேடுவாங்க. மெலடி காங்காவுலயே இருக்கு, ஒவ்வொரு காங்காவும் ஒவ்வொரு சுருதி, அவங்க பேசிக்கறது கேக்கும்.

ரெண்டாவது, டிட்டோ புவென்டேவோட டாப் பெர்கஷன், ஆர்சிஏ-வுக்காக அதே வருஷம் பதிவானது. புவென்டே பொறந்து வளந்தது நியூயார்க்ல, அப்பா அம்மா போர்ட்டோ ரிக்கோகாரங்க. இதுல அவரோட மோங்கோ சாந்தமரியா, வில்லி போபோ, ஃப்ரான்சிஸ்கோ அகுவபெல்லா, ஹூலித்தோ கொயாசோ. கடைசி ரெண்டு பேரும் கியூபாவுல வழிபாட்டுக்கு வாசிக்கற படா மேளம் கத்துக்கிட்டவங்க, கேதரின் டன்ஹாமோட நடனக் குழு வழியா அமெரிக்கா வந்தவங்க. அதனால ஆல்பத்துல பாதி, எலெகுவா, சாங்கோ, ஒபத்தாலான்னு மேற்கு ஆப்பிரிக்க யொருபா மக்களோட தெய்வங்கள கூப்பிட்டுப் பாடற பாட்டுங்க, கேக்க கேக்க கோயில் முன்னாடி நிக்கற உணர்வு வரும். மத்த பாதி டிம்பாலெஸ், காங்கா, போங்கோ, கூட பேஸ். "டி மோன் போ"ன்னு ஒரு டிராக், டிட்டோ, மோங்கோ, போபோ மூணு பேர் பேரோட தலையெழுத்தையும் ஒட்டி வெச்ச பேரு. அதுல யார் எதுன்னு பிரிச்சுக் கேக்கப் பழகுங்க. உலோகச் சத்தமா பளீர்னு வெட்டறது டிம்பாலெஸ், அது டிட்டோ. கீழ உருண்டையா டும்முனு வர்றது காங்கா, அது மோங்கோ. மேல டிக்கிடிக்கின்னு அவசரமா பேசறது போங்கோ, அது போபோ. இந்த மூணையும் பிரிக்க வந்துடுச்சுன்னா பாதிக் கிணறு தாண்டியாச்சு.

நாலாவது: மாச்சிட்டோவோட கென்யா

இதுக்காகத்தான் இவ்வளவு நேரம் காத்துட்டு இருந்தோம். என்னக் கேட்டா 1957-ல பதிவானதுலயே உச்சம் இதான். டிசம்பர் கடைசியில நியூயார்க்ல பதிவாச்சு, ரூலெட் கம்பெனி 1958-ல வெளியிட்டுச்சு, அதனால சில லிஸ்ட்ல 1958-க்கு கீழ இருக்கும்.

கியூபா பாடகர் மாச்சிட்டோவோட பேண்ட் 1940-லேர்ந்து நியூயார்க்ல இருந்துச்சு. அதோட மூளை மாரியோ பவுசா, மாச்சிட்டோவோட மச்சான், ட்ரம்பெட்காரர், டிஸ்ஸிக்கு சானோ போசோவ அறிமுகப்படுத்தி வெச்சதே அவர்தான். ஜாஸ் பேண்ட் மாதிரி பிராஸ் எழுதணும், கியூபாக்காரங்க மாதிரி தாளம் போடணும், ரெண்டுல எதுவும் விட்டுக்கொடுக்கக் கூடாதுங்கறது அவர் பிடிவாதம். இந்த ஆல்பத்துல அவரோட ஏ.கே. சலீம்னு ஒரு ஜாஸ் அரேஞ்சர், எந்த வாத்தியம் எத வாசிக்கணும்னு எழுதறவர், சேந்தார். சோலோவுக்கு ட்ரம்பெட்ல ஜோ நியூமேன், ஆல்டோ சாக்ஸ்ல கேனன்பால் ஆடர்லி. கேனன்பால் அந்த சமயத்துலதான் மைல்ஸ் டேவிஸ் பேண்ட்ல சேந்திருந்தார், ரெண்டு வருஷம் கழிச்சு மைல்ஸோட கைண்ட் ஆஃப் ப்ளூ ஆல்பத்துல நீங்க கேக்கற ஆல்டோ சாக்ஸ் அவரோடதுதான். தாளத்துக்கு கேண்டிடோ, பத்தாத்தோ, ஹோசே மங்குவல், ஊபா நியெத்தோ. ஒருத்தர் இருந்தாலே போதும்ங்கற ஆளுங்க நாலு பேர் ஒரே அறையில.

"வைல்ட் ஜங்கிள்"லேர்ந்து ஆரம்பிச்சு வரிசையா கேளுங்க, ஷஃபிள் வேண்டாம். பிராஸ் வந்து அறையும்போது பயந்து அத மட்டும் கேக்காதீங்க, கீழ காங்காவோட 7-8-ஐ பிடிச்சுட்டு கேளுங்க. அப்ப ஒண்ணு புரியும், பிராஸ் அறையற இடம் எல்லாம் கிளாவேயோட ஒட்டிதான் இருக்கு, பதினஞ்சு பேருக்கு மேல வாசிச்சும் அந்த அஞ்சு அடி கலையல. "கேனனாலஜி"யில ஆடர்லி வர்றத கவனிங்க. அவர் ப்ளூஸ்காரர், ஃப்ளோரிடாக்காரர், கியூபா தாளத்துல வளந்தவர் இல்ல. அவர் தன் வழியிலயே சரளமா ஓடறார், தாளக்காரங்க அவருக்காக வளையவும் இல்ல, அவர விட்டுட்டு போகவும் இல்ல. லத்தீன் ஜாஸ்னா என்னன்னு யாராவது கேட்டா நான் விளக்கம் சொல்றதில்ல, இந்த டிராக்க போட்டு விட்டுருவேன். "டின் டின் தேயோ" சானோ போசோ பேர்ல இருக்கற பாட்டு, அவர் போய் ஒன்பது வருஷம் கழிச்சு அவருக்குத் தெரிஞ்ச ஆளுங்களே வாசிக்கறாங்கங்கற நினப்போட கேட்டா அது வேற மாதிரி இருக்கும்.

டிராக் எல்லாம் சின்னதுதான், ஆல்பம் பன்னெண்டு டிராக். ஒரே உக்காரல்ல முடிச்சுடலாம், ஆனா உடனே திருப்பிப் போடத் தோணும்.

அஞ்சாவது: மிச்சம் இருக்கறதுல எது எடுக்கலாம்

டிட்டோ புவென்டேவோட டான்ஸ் மேனியாவும் 1957 நவம்பர் டிசம்பர்ல பதிவானதுதான், வந்தது 1958-ல. அமெரிக்க காங்கிரஸ் நூலகம் 2002-ல தேசிய ஒலிப்பதிவு ஆவணத்துக்கு முதல் தடவ தேர்ந்தெடுத்த பட்டியல்லயே இது இருக்கு. ஆனா இது டான்ஸ் ஆடறதுக்கான மாம்போ ஆல்பம், பாட்டு நிறைய, சாந்தோஸ் கொலோன் பாடறார், கறாரா சொன்னா லத்தீன் ஜாஸ் இல்ல. ஆனாலும் "3-டி மாம்போ", "ஹாங்காங் மாம்போ" ரெண்டையும் விட்டுடாதீங்க. மோங்கோவும் போபோவும் கிளம்பி சான் பிரான்சிஸ்கோவுல ஜாஸ்காரர் கால் ஜேடர் பேண்டுக்குப் போயிட்டாங்க, மோங்கோ இடத்துல காங்காவுக்கு வந்தவர் இளைஞர் ரே பரெட்டோ. டாப் பெர்கஷன் கேட்டுட்டு உடனே இத கேட்டா ஆள் மாறினதால கை மாறினது தெரியும், பரெட்டோ அடி கொஞ்சம் ஜாஸ் பக்கமா சாஞ்சிருக்கும்.

புவென்டேவோட நைட் பீட் அந்த வருஷத்து இன்னொண்ணு, ட்ரம்பெட்ல டாக் செவரின்சன் இருக்கார். நேர்த்தியான ஆல்பம், எனக்கு ஒட்டல, கென்யாவுல இருக்கற வெக்க இதுல இல்ல. ஜாஸ் ட்ரம்மர் ஆர்ட் பிளேக்கியோட ஆர்ஜி இன் ரிதம் 1957 மார்ச்ல பதிவானது, ஜாஸ் ட்ரம்மர்களையும் லத்தீன் தாளக்காரங்களையும் ஒரே இடத்துல உக்கார வெச்சது, சாபுவும் அதுல உண்டு. பாலோ காங்கோ பிடிச்சிருந்தா மட்டும் இதுக்குப் போங்க, இல்லன்னா தல வலிக்கும். டிஸ்ஸியோட நியூபோர்ட் லைவ் ஆல்பம் 1957 ஜூலையில பதிவானது, அதுல "மன்தேக்கா" ஒண்ண மட்டுமாவது கேளுங்க, 1947-ல சானோ போசோவோட அவர் பண்ணின ஒரிஜினலையும் பக்கத்துல வெச்சு.

எவ்வளவு நாள்ல கேக்கலாம்

அவசரமே இல்ல. ஒரு ஆல்பத்துக்கு ஒரு வாரம் கொடுங்க, அந்த வாரம் வேற லத்தீன் ஆல்பம் தொடாதீங்க. கச்சாவோவுக்கு வேணும்னா ரெண்டு வாரம். சமைக்கும்போது, பஸ்ல போகும்போது ஓட விட்டாலும் பரவால்ல, ஆனா தினம் ஒரு டிராக்காவது கை தட்டிட்டு கேளுங்க. பக்கத்துல யாராவது இருந்தா ஒருத்தர் கிளாவே, ஒருத்தர் 7-8, ரெண்டு பேருமா போட்டுப் பாருங்க, தனியா தட்டறதவிட சீக்கிரம் பிடிபடும்.

இந்த வருஷத்த முடிச்சதும் எந்தப் பக்கம் போகணும்னு உங்களுக்குப் பிடிச்ச ஆள வெச்சு முடிவு பண்ணுங்க. மோங்கோ பிடிச்சிருந்தா 1959-ல அவர் கால் ஜேடரோட வாசிச்ச "ஆஃப்ரோ ப்ளூ", அங்கேர்ந்து அதே பாட்ட சாக்ஸ்காரர் ஜான் கோல்ட்ரேன் 1963-ல வாசிச்சது. புவென்டே பிடிச்சிருந்தா "ஓயே கோமோ வா", ராக் கிட்டார்காரர் சந்தானா 1970-ல ஊர் ஊரா கொண்டுபோனாரே அந்தப் பாட்டு, அதோட ஆரம்பம் கச்சாவோவோட "சான்சூயோ"லேர்ந்து வந்தது, மூணையும் அடுத்தடுத்து போடுங்க. கச்சாவோதான் பிடிச்சிருந்தா, 1962-ல கியூபாவ விட்டு கிளம்பினவர் ரொம்ப வருஷம் வெளிச்சம் படாம மத்தவங்க பேண்ட்ல வாசிச்சுட்டு இருந்துட்டு 1994-ல மாஸ்டர் செஷன்ஸ்னு ஒரு ஆல்பம் பண்ணினார், அப்ப அவருக்கு எழுபத்தஞ்சு தாண்டியாச்சு, அத எடுங்க, அந்த 4-7 அப்படியே இருக்கும்.